ரிட்டர்ன் சீசன்



தீபாவளிக்கு முன்னால் ஒரு சீசன், பின்னால் ஒரு சீசன். முன்னால் வருவது விற்பனை. பின்னால் வருவதற்கு, வீட்டிலிருந்தபடி புடவை விற்கிறவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரிட்டர்ன் சீசன்’. கொரியர் தம்பி வாசலில் வண்டியை நிறுத்தினால், எடுத்துப் போக வந்திருக்கிறாரா, இறக்கிவிட்டுப் போக வந்திருக்கிறாரா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. முகூர்த்த மாதம் முடிந்தாலும் இதே கதைதான்.

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரு கட்டு முழுக்க இதைப் பற்றித்தான். கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு ‘பிடிக்கவில்லை’ என்று திருப்பியவர்கள். பட்டுப் புடவையை வைத்துக்கொண்டு, அதே கவரில் பழைய பாலியஸ்டர் புடவையை மடித்து அனுப்பியவர்கள். பிளவுஸ் துணியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை ‘டேமேஜ்’ என்று திருப்பியவர்கள். இந்தக் கடைசி ரகத்தைப் பற்றி எழுதியிருந்த ஒரு சகோதரி, ‘வெட்டினதுதான் வெட்டினாங்க, அதையும் கோணலா வெட்டியிருக்காங்க சார்’ என்று அங்கலாய்த்திருந்தார்.

எல்லாக் கடிதமும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: திரும்பி வந்த பிறகு என்ன செய்வது? கேள்வியையே கொஞ்சம் முன்னுக்குத் தள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பார்சல் திரும்பி வந்து நிற்கும்போது உங்களிடம் இருப்பது உங்கள் பேச்சு. வாங்கியவரிடம் இருப்பது அவர் பேச்சு. இரண்டையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர், உங்களையும் தெரியாத, அவரையும் தெரியாத, புடவையைக் கையால் தொட்டும் பார்க்காத, ஆன்லைன் விற்பனைத் தளத்தின் யாரோ ஒரு ஊழியர். அங்கே எடுபடுவது, அனுப்பிய அன்றைக்கே நீங்கள் எடுத்து வைத்த சாட்சி மட்டும்தான். சண்டையில் பாதி, டேப் ஒட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

சாட்சி பற்றிப் பேசுமுன் இன்னொன்று. திரும்பி வருகிற பார்சல் எல்லாம் திருட்டு இல்லை. பெரும்பாலானவை நியாயமானவை, அதிலும் நிறத்தால் வருகிறவை நிறைய. மயில்கழுத்துக் கலரை எடுத்துக்கொள்ளுங்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். கட்டிக்கொண்டு நடந்தால் பச்சையும் நீலமும் மாறி மாறி அடிக்கும். செல்போன் கேமரா அதில் ஒன்றைத்தான் பிடிக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பார்த்து ‘நீலம்’ என்று வாங்கியவர், பகலில் பிரித்துப் பச்சையைப் பார்த்தால் திருப்பத்தான் செய்வார். அவர் மேல் என்ன தப்பு? அரக்கு, காப்பிப்பொடி, வெந்தயம், எம்.எஸ். நீலம் என்று நாம் வாயால் சொல்லும்போது மனசில் தெளிவாக இருக்கிற நிறம், படத்தில் ஏறும்போது குழம்பிப்போகிறது. காலை வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில், வெள்ளைச் சுவர் பக்கத்தில் வைத்து, விரித்து ஒன்று, மடித்து ஒன்று, கையில் தூக்கிப் பிடித்து ஒன்று எடுங்கள். இரண்டு நிறம் சேர்ந்த புடவையென்றால் விவரத்தில் அப்படியே எழுதுங்கள்: ‘பாவு நீலம், ஊடை பச்சை, வெளிச்சத்துக்கு ஏற்ப மாறித் தெரியும்.’

கைத்தறி விஷயமும் இதேதான். நூல் முடிச்சு, அங்கங்கே தடித்த இழை, கரையில் லேசான ஏற்ற இறக்கம் எல்லாம் கைத்தறியின் சுபாவம். மில் துணியே பழகிய கண்ணுக்கு அது டேமேஜ். சுங்குடியா, முதல் இரண்டு சலவைக்குத் தனியாக உப்புத் தண்ணீரில் அலசுங்கள் என்று ஒரு சின்னச் சீட்டு உள்ளே வையுங்கள். அதே வரி விற்பனைப் பக்கத்திலும் இருக்கட்டும். ஜரிகை சுத்த ஜரிகையா, ஹாஃப் ஃபைனா, டெஸ்டடா என்பதை மறைக்காமல் போடுங்கள். ‘பட்டு மாதிரி’ என்பதைப் ‘பட்டு’ என்று எழுதி விற்றவருக்கு ரிட்டர்ன் வந்தால் இந்தப் பக்கத்தில் என்னால் ஒரு சொல்கூட ஆறுதல் சொல்ல முடியாது. விவரம் முழுசாக இருந்தால் திரும்புவது குறையும். குறையாமல் திரும்புகிறது என்றால், ‘இதையெல்லாம் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன்’ என்று காட்ட அந்த விவரமே முதல் சாட்சி.

இனி பேக்கிங்.

மதுரையில் சுங்குடி விற்கும் பெண்மணி ஒருவரின் வீட்டில் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜைதான் பேக்கிங் மேஜை. மேலே ஃபேன் கொக்கியிலிருந்து ஒரு கம்பி இறங்கி, அதன் நுனியில் செல்போன் கீழ்நோக்கித் தொங்குகிறது. ரெக்கார்டிங்கைத் தட்டிவிடுகிறார். முதலில் ஆர்டர் லேபிள், எண் தெளிவாகத் தெரியும்படி. பிறகு புடவையைப் பிரித்து முந்தானை, உடல், பிளவுஸ் துணி என்று வரிசையாகக் காட்டுகிறார். இஞ்ச் டேப்பை வைத்து முழு நீளத்தையும் அளக்கிறார். பிளவுஸோடு சேர்ந்த புடவை 6.20 அல்லது 6.30 மீட்டர் வரும். பிளவுஸ் போனால் ஐந்தரை மீட்டர்தான் மிஞ்சும். பிறகு முந்தானை ஓரத்தில் ஒரு இடத்தைக் கேமராவுக்கு மிக அருகில் கொண்டுபோய் இரண்டு விநாடி நிறுத்துகிறார்.

‘அது எதுக்குங்க?’ என்றேன்.

‘கையால முடிச்சுப் போட்ட சுங்குடிங்க. இந்தப் புள்ளி இன்னொரு புடவையில வராது. கைரேகை மாதிரி. மாத்தி அனுப்பினா இந்த ஓரத்தை வச்சுப் பாத்தாலே தெரிஞ்சுடும்.’

ஸ்கிரீன் பிரிண்ட் சுங்குடியில் இந்த வசதி கிடையாது; அச்சுப் புள்ளி எல்லாப் புடவையிலும் ஒரே மாதிரிதான் விழும். ஆனால் கைவேலை உள்ள எதற்கும் இது பொருந்தும். எம்பிராய்டரி முடிச்சு, கலம்காரியின் கைக்கோடு, மண் பொம்மையின் கண். பட்டுப் புடவை விற்கிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. மத்தியப் பட்டு வாரியத்தின் கீழ் இயங்கும் சில்க் மார்க் அமைப்பின் லேபிள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணைப் புடவையோடு சேர்த்து வீடியோவில் காட்டிவிடுங்கள். லேபிளை மட்டும் கழற்றி வேறு புடவையில் மாட்டுகிற கெட்டிக்காரர்களும் இருப்பதால், எண் மட்டும் போதாது. எண்ணும் முந்தானையும் ஒரே காட்சியில் இருக்க வேண்டும்.

மடித்து, கவரில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் தன் கையெழுத்தைப் போட்டு, சமையலறைத் தராசில் வைத்து எடையைக் காட்டி, கடைசியில் ட்ராக்கிங் நம்பர் தெரிகிறபடி லேபிளை ஒட்டி முடிக்கிறார். நடுவில் எங்கேயும் ரெக்கார்டிங்கை நிறுத்தவில்லை. இதுதான் முக்கியம். வெட்டி ஒட்டிய வீடியோவுக்கு மதிப்பு இல்லை. கேமராப் பார்வையை விட்டுப் பொருள் ஒரு விநாடி மறைந்தாலும், ‘அந்த நேரத்தில் மாற்றியிருக்கலாமே’ என்று எதிர்த் தரப்பு கேட்கும். கேட்பது நியாயமும்கூட.

வீடியோவை எடுத்துவிட்டு வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பி, போனில் இடமில்லை என்று அசலை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் போனால் படம் சுருங்கிவிடும்; எடுத்த நேரம் முதலான விவரங்களும் உதிர்ந்துவிடும். அசலை அப்படியே வையுங்கள். கோப்புக்கு ட்ராக்கிங் நம்பரையே பெயராக வைத்தால் தேடுவது எளிது. ரிட்டர்ன் கெடு முடிந்து, பணமும் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு அழித்துக்கொள்ளலாம். வழக்கு என்று போனால் மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ம் பிரிவு அது. அறுநூறு ரூபாய்ப் புடவைக்கு யாரும் அதுவரை போகப் போவதில்லை. முப்பதாயிரம் ரூபாய்க் கல்யாணப் புடவைக்குப் போக நேரலாம்.

சரி, பார்சல் திரும்பி வந்துவிட்டது. தளத்தில் உங்கள் விற்பனைக் கணக்கு இருக்கும் பேனலைத் திறந்து இது எந்த வகை என்று பாருங்கள். வாங்கியவர் கைக்கே போகாமல் வழியிலிருந்து திரும்பியது கொரியர் ரிட்டர்ன்: கேஷ் ஆன் டெலிவரி கேட்டவர் போனை எடுக்கவில்லை, ஊரில் இல்லை, இல்லையென்றால் மனசு மாறிவிட்டது. வாங்கிப் பிரித்துப் பார்த்துத் திருப்பியது கஸ்டமர் ரிட்டர்ன். இரண்டுக்கும் செலவுக் கணக்கு வேறு, கிளெய்ம் போடும் இடமும் வேறு. முதல் வகை வந்தால் பலர் கவரைப் பிரிப்பதே இல்லை. ‘சீல் அப்படியே இருக்கே’ என்று மேலே புது லேபிளை ஒட்டி அடுத்த ஆர்டருக்கு அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வழியில் யாராவது கைவைத்திருந்தால், உள்ளே இருக்கிற கந்தல் அடுத்த வாடிக்கையாளர் வீட்டில்தான் வெளியே வரும். அவர் ‘பழைய துணி அனுப்பியிருக்கிறார்கள்’ என்று திருப்புவார். நீங்கள் அவரைத் திருடி என்பீர்கள். உண்மையில் அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இருக்காது.

வாங்கும்போது நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். கொரியர் தம்பிக்கு அவசரம். அவர் பையில் இன்னும் நாற்பது பார்சல் இருக்கும். ‘அக்கா, ஓடிபி சொல்லுங்கக்கா, நேரமாச்சு’ என்பார். ஓடிபி சொன்ன அந்த நொடியில் ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று உங்கள் பேரில் பதிவாகிவிடும். அதற்கு முன்னால் கவரின் ஆறு பக்கத்தையும் போனில் எடுத்துவிடுங்கள். நீங்கள் ஒட்டிய டேப்பா, மேலே வேறு டேப் ஓடியிருக்கிறதா, உங்கள் கையெழுத்து பாதியில் அறுந்திருக்கிறதா? கிழிந்திருந்தால் அவருடைய கருவியில் ‘டேமேஜ்’ என்று பதியச் சொல்லுங்கள். தாள் கொடுத்தால் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தம்பியிடம் கத்துவதில் பிரயோஜனம் இல்லை. அவர் சம்பளம் பார்சல் கணக்கில் போகிறது. புடவையை மாற்றியது அவர் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து இரண்டு நிமிஷம் நிற்கச் சொன்னால் நிற்பார்.

பிறகு அதே மேஜை, அதே கேமரா, நிறுத்தாத இன்னொரு வீடியோ. இந்த முறை எடையிலிருந்து தொடங்குங்கள். அனுப்பும்போது 610 கிராம், திரும்பும்போது 380 கிராம் என்றால் பிரிப்பதற்கு முன்னாலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பிரித்ததும் புடவையே பேசும். கஞ்சி போட்டு மடித்த பருத்திப் புடவையை ஒரு தடவை கட்டினாலே மொடமொடப்பு போய்விடும். திரும்ப மடித்தால் பழைய மடிப்புக் கோட்டில் உட்காராது. தோள்பட்டையில் மடிப்பு வைத்துப் பின் குத்தினால் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் விழும், பட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஃபால்ஸ் தைத்துப் பிரித்திருந்தால் அடிக்கரையில் ஊசித் தடம் இருக்கும். கழுத்துப் பக்கம் பவுடர், முந்தானையில் குங்குமம், கீழ்க்கரையில் மண்டபத்துத் தரையின் கறுப்பு. சென்ட் வாசனையை வீடியோவில் காட்ட முடியாது, மற்றதையெல்லாம் காட்டலாம். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, பக்கத்தில் ட்ராக்கிங் நம்பர் தெரியும்படி படம் எடுங்கள்.

கட்டிவிட்டுத் திருப்புவதைத் தடுக்கச் சிலர் டேக் மாட்டுகிறார்கள். நல்ல பழக்கம்தான், மாட்டுகிற இடம் சரியாக இருந்தால். பிளவுஸ் ஓரத்தில் மாட்டிய டேக்கை உள்ளே சொருகிக்கொண்டு கல்யாணமே நடத்திவிடலாம். முந்தானை வெளியே தெரிகிற இடத்தில், அறுக்காமல் கட்டவே முடியாதபடி, அறுத்தால் மறுபடி பூட்ட முடியாத பிளாஸ்டிக் பூட்டோடு மாட்ட வேண்டும். ‘டேக் அறுந்தால் ரிட்டர்ன் இல்லை’ என்று அதிலேயே பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். நெசவைத் துளைக்காமல் குஞ்சத்தில் கோத்துவிடுங்கள். திருட்டைத் தடுக்கப் போய் நாமே புடவையில் ஓட்டை போட்டுவிடக் கூடாது அல்லவா.

கிளெய்ம் போடுவதில் இரண்டே விஷயம்: நேரம், சுருக்கம். அமேசானில் சேஃப்-டி கிளெய்ம், ஃபிளிப்கார்ட்டில் எஸ்.பி.எஃப். என்று தளத்துக்குத் தளம் பெயர் வேறு. எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்ற கெடுவும் வேறு. அதையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள். அதனால் இங்கே எண் தரவில்லை, உங்கள் பேனலில் இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம். பார்சல் வந்த அன்றைக்கே பிரிக்கிற வழக்கம் வந்துவிட்டால் கெடுவைப் பற்றிக் கவலையே இல்லை. மூலையில் குவித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள்தான் கெடுவில் கோட்டை விடுகிறார்கள். எழுதும்போது உங்கள் கஷ்டம், குழந்தைகள் படிப்பு, வாங்கியவரின் குணம் எதுவும் வேண்டாம். ‘அனுப்பியது 6.30 மீட்டர், வீடியோ 1, 40-வது விநாடி. திரும்பியது 5.50 மீட்டர், வீடியோ 2, 25-வது விநாடி. பிளவுஸ் வெட்டப்பட்டுள்ளது.’ இவ்வளவுதான். நிராகரித்தால் ஒரு தடவை மேல்முறையீடு செய்யுங்கள். முதல் சுற்றில் தானாக வரும் ‘மன்னிக்கவும்’ பதிலைப் பார்த்துவிட்டுப் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

சட்டம் யார் பக்கம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நேராகச் சொன்னால், வாங்குகிறவர் பக்கம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். செங்கல்லையும் சோப்புக்கட்டியையும் செல்போன் பெட்டியில் வைத்து அனுப்பிய காலத்தை நாம் மறந்துவிடக் கூடாது. 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதானது, போலி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லை, சொன்ன தேதிக்கு வரவில்லை என்றால் விற்றவர் திரும்ப வாங்க மறுக்க முடியாது. தளத்தின் வழியே விற்கும் ஒவ்வொருவரும் குறை கேட்க ஓர் ஆளை நியமித்து, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். வீட்டு வியாபாரத்தில் அந்த ஆள் நீங்களேதான்.

அதே விதிகளில் இன்னொரு வரி இருக்கிறது. தளத்தில் விற்குமுன் தளத்தோடு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். பதிவு செய்த அன்று ‘சம்மதம்’ என்று ஒரு கட்டத்தைத் தட்டினீர்களே, அதுதான் அது. ரிட்டர்ன் செலவு யார் தலையில், எப்படிப்பட்ட சாட்சி செல்லும், தகராறு வந்தால் எந்த ஊரில் தீர்ப்பது எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் ரிட்டர்ன் பகுதியை மட்டுமாவது அச்செடுத்து ஒரு மதியம் உட்கார்ந்து படித்துவிடுங்கள். ஆங்கிலம் தடுக்கினால் கல்லூரிக்குப் போகிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீஷோ போன்ற தளத்தில் ‘எந்தக் காரணத்துக்கும் திருப்பலாம்’ என்று ஒரு விலை, ‘தவறான அல்லது பழுதான பொருளானால் மட்டும் திருப்பலாம்’ என்று சற்றுக் குறைந்த இன்னொரு விலை என இரண்டாக வைக்க வழியிருக்கிறது. இது இருப்பதே தெரியாமல் விற்கிறவர்கள் ஏராளம்.

வாட்ஸ்அப் குரூப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறவர்களுக்கு நடுவர் என்று யாரும் இல்லை. அங்கே ஒரு மந்திரம் ஓடுகிறது: ‘நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச், ஓப்பனிங் வீடியோ மஸ்ட்.’ பின்பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள் என்று கேட்பது இரண்டு பேருக்கும் பாதுகாப்புதான். ஆனால் பணம் வாங்குவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும், பிரச்சினை வந்த பிறகு புதிதாகக் கிளப்பக் கூடாது. வாங்குகிறவர் அறுபது வயது அம்மாவாக இருந்தால், ஒரு கையில் கத்தரிக்கோலும் ஒரு கையில் போனும் பிடிக்கத் தெரியாதே என்றும் யோசிக்க வேண்டும். முன்பாதிதான் செல்லாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதான பொருளை பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். வீட்டில் கிடந்த பழைய மிக்ஸியை ஒரு தடவை விற்கிறவருக்கு மின்வணிக விதிகள் பொருந்தாது. வாராவாரம் ஸ்டேட்டஸ் போட்டு விற்கிறவர் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. ஆகவே ‘நோ ரிட்டர்ன்’ என்று போடுவதை விட, ‘பழுதிருந்தால் மூன்று நாளுக்குள் படத்தோடு சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்; நிறம் பிடிக்கவில்லை என்றால் கொரியர் செலவு உங்களுடையது’ என்று எழுதுவது நல்லது. கறாராகவும் இருக்கிறது, வாங்குகிறவருக்கு நம்பிக்கையும் வருகிறது.

பழைய செல்போன் விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைத் திரையோடு படமெடுத்து, வாங்குகிறவருக்கும் அனுப்பி, பில்லிலும் எழுதுங்கள். வேறு போனைத் திருப்பித் தந்தால் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

பணம் வாங்குகிற இடத்தில் நடப்பது ரிட்டர்ன் இல்லை, நேரடி மோசடி. பணம் போட்டதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் வரும். ‘தெரியாமல் இரண்டு தடவை அனுப்பிவிட்டேன், ஒன்றைத் திருப்புங்கள்’ என்று அழுகிற குரலில் போன் வரும். ‘இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்தால் உங்களுக்குப் பணம் வரும்’ என்பார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். எஸ்.எம்.எஸ்.ஸைக்கூட நம்பாமல் வங்கிக் கணக்கின் இருப்பைத் திறந்து பார்த்துவிட்டு மேலே பேசுங்கள். மாட்டிக்கொண்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு செய்தும் சில பார்சலில் தோற்கத்தான் போகிறோம். அதற்கு விலையிலேயே இடம் வைக்க வேண்டும். நூறு புடவை அனுப்பிப் பன்னிரண்டு திரும்புகிறது, போக வர ஒரு புடவைக்கு 150 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,800 ரூபாய். விற்று நின்ற 88 புடவையின் தலையில் அதைப் போட்டால் ஒன்றுக்கு இருபது ரூபாய் சொச்சம். இந்த இருபதைச் சேர்க்காமல் விலை வைத்துவிட்டு, ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் ராத்திரி தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. எந்தப் புடவை, எந்தக் காரணம், எந்தப் பின்கோடு என்று ஒரு நோட்டில் மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். பாதி ரிட்டர்ன் இரண்டே இரண்டு டிசைனிலிருந்து வருவது தெரிந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த டிசைனை நிறுத்திவிட்டால் போதும். கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமலே திரும்புவது அதிகமென்றால், உங்கள் கையில் நேரடியாக வரும் ஆர்டருக்காவது நூறு ரூபாய் முன்பணம் கேளுங்கள். நிஜமாக வாங்க நினைப்பவர் நூறு ரூபாய்க்குத் தயங்க மாட்டார்.

ஜி.எஸ்.டி. கட்டுகிறவர்கள், திரும்பி வந்த புடவைக்கும் சேர்த்து வரி கட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ரிட்டர்னுக்குக் கிரெடிட் நோட்டு போட்டுக் கழித்துக்கொள்ளலாம். நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30-க்குள், ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதிக்குள், கணக்கில் காட்டிவிட வேண்டும். தளங்கள் பிடிக்கும் டி.சி.எஸ். 2024 ஜூலை 10 முதல் அரை சதவீதம். அதுவும் ரிட்டர்னைக் கழித்த நிகர விற்பனை மேல்தான். தளம் காட்டும் தொகையும் உங்கள் நோட்டும் ஒத்துப்போகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். சில விற்பனையாளர் குரூப்புகளில் ‘ஃப்ராட் கஸ்டமர்’ பட்டியல் ஒன்று சுற்றுகிறது. பெயர், போன் நம்பர், வீட்டு விலாசம், சிலவற்றில் டி.பி. படத்தோடு. கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் நிஜமாகவே மோசம் செய்தவரும் இருப்பார், வழியில் மாறிய பார்சலை வாங்கிய அப்பாவியும் இருப்பார், பச்சையை நீலமென்று நம்பி வாங்கிய அம்மாவும் இருப்பார். அவர்கள் விலாசம் உங்களுக்குக் கிடைத்தது புடவை அனுப்புவதற்காக. அதை ஊருக்கெல்லாம் அனுப்பினால், நாளைக்கு அவதூறு வழக்கில் கூண்டில் நிற்கப் போவது நீங்கள். நிஜமான பெரிய மோசடியென்றால் போலீசுக்கே போங்கள். நம் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமான 420 இப்போது பாரதிய நியாய சட்டத்தில் 318 ஆகிவிட்டது, விஷயம் அதேதான். அந்த ஆளுக்கு மறுபடி விற்க விருப்பம் இல்லையென்றால் உங்கள் நோட்டில் மட்டும் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில், ஜெயித்த கிளெய்ம்கள் சிலவற்றை எழுதியவர்களின் வார்த்தையிலேயே வெளியிட எண்ணம். என்ன அனுப்பினீர்கள், என்ன திரும்பியது, தளத்துக்கு என்ன எழுதினீர்கள், எந்தப் படம் கைகொடுத்தது என்று எழுதுங்கள். தோற்ற கிளெய்மும் வரலாம். எங்கே சறுக்கியது என்று தெரிந்தால் அடுத்தவருக்கு உதவும். லேபிள் நகலோ ஸ்கிரீன்ஷாட்டோ இணைப்பவர்கள், வாங்கியவரின் பெயரையும் நம்பரையும் விலாசத்தையும் கறுப்பு மையால் நன்றாக அடித்துவிட்டு அனுப்புங்கள். அடிக்காமல் வருகிறவற்றை இங்கே நாங்கள் அடித்துவிடுவோம் என்றாலும், எங்கள் உதவி ஆசிரியருக்கு இந்த மாதம் வேலை அதிகம்.

அன்புடன்,
ஆசிரியர்